லங்காவிப் படகும் நெய்தல் மரபும்

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் எழுதப்படும் கட்டுரை வகைகளுள் மாணவர்க்கு மிகவும் பழகியது சுற்றுலாக் கட்டுரை. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே அது தலைப்பாக வந்து நின்றுவிடும். படிநிலை இரண்டில் பயிலும் மாணவன் முதல் ஆசிரியப் பயிற்சி பெறுவோர் வரை அதனை ஒரு முறையேனும் எழுதாதவர் அரியர். வளர்ந்த பின்னும் அது விடுவதில்லை. நாளிதழ்களின் ஞாயிறு மலர்களிலும் கோயில் திருவிழா மலர்களிலும் சங்கங்களின் ஆண்டு மலர்களிலும் அதே கட்டுரை சற்று நீண்ட உருவில் வெளிவருகின்றது. இத்துணைப் பெருவழக்கான ஒரு வகையைத் திறனாய்வு பெரிதும் பொருட்படுத்தாமல் விட்டிருப்பது வியப்பே. கவிதைக்கும் சிறுகதைக்கும் கருத்தரங்குகள் நடைபெறுகின்றன. சுற்றுலாக் கட்டுரைக்குக் கிடைப்பது சிவப்பு மைத் திருத்தம் ஒன்றே. சந்திப்பிழையை நீக்கிவிட்டால் கட்டுரை நன்றாகிவிட்டது என்ற எண்ணம் ஆசிரியரிடையே வேரூன்றியுள்ளது.

கெடா மாநிலத்தில் இவ்வகைக் கட்டுரைக்குப் பெரிதும் பொருளாகும் இடம் லங்காவி. மாநிலத்தின் தென்கோடியில் உள்ள பண்டார் பாரு மாவட்டத்தை நோக்கினால் இதன் காரணம் விளங்கும். அம்மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லை. ஒருபுறம் பேராக், மற்றொருபுறம் பினாங்கு. எல்லையாகக் கிரியான் ஆறு. ஆற்றின் அக்கரையில் பாரிட் புந்தார். ரப்பரும் செம்பனையும் நிறைந்த நிலமே கண்ணுக்குப் பழகியது. அங்கு வளரும் பிள்ளைக்குக் கடல் என்பது விடுமுறைநாளில் காணும் பொருள். பேருந்தில் வடக்கே சென்று, கோலக் கெடாவிலோ கோலப் பெர்லிசிலோ பெரிய படகேறி, குவா நகரில் இறங்கி, மறுநாட் காலை சிறு படகில் தீவுகளைச் சுற்றிவருவது தோட்டக் குடும்பங்களுக்கும் பள்ளிச் சுற்றுலாக் குழுக்களுக்கும் கைக்கெட்டிய இன்பமாக இருந்துவருகின்றது.

இச்சிறு படகுச் செலவின் அமைப்பு எளியது. தொண்ணூற்றொன்பது தீவுகள் கொண்டது எனப் பெயர்பெற்ற லங்காவிக் கூட்டத்தில் மூன்று இடங்களையே அது தொடுகின்றது. முதலில் டாயாங் புந்திங் தீவு. அதன் நடுவே ஒரு நன்னீர் ஏரி. அடுத்துச் சிங்கா பெசார் தீவை ஒட்டிய நீர்ப்பரப்பு. ஆங்கே பருந்துகள் வட்டமிடும். இறுதியில் பெராஸ் பாசா தீவின் வெண்மணற் கரை. அறிமுகமற்ற பத்துப் பன்னிருவர் ஒரே படகைப் பகிர்ந்துகொள்வதால் கட்டணம் குறைவு. அரைநாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒவ்வோர் இடத்திலும் இத்துணை நேரம் என்ற கட்டும் உண்டு.

மலிவான செலவு என்பதால் இதனை இகழ்வோர் உளர். விலையுயர்ந்த விடுதியில் தங்கித் தனிப்படகில் சென்றால்தான் தீவைக் காணலாம் என்பது போலச் சிலர் எழுதுகின்றனர். இது பொருந்தாக் கூற்று. பயண இலக்கியத்தின் வரலாற்றில் செல்வர் எழுதியவற்றைக் காட்டிலும் மூன்றாம் வகுப்பிலும் கப்பலின் மேல்தளத்திலும் சென்றோர் எழுதியவையே மனிதரை மிகுதியாகக் காட்டியுள்ளன. நெருங்கி அமர்ந்தவனுக்கே பக்கத்தில் இருப்பவனின் முகம் தெரியும். ஆதலால் குறை படகில் இல்லை. படகில் ஏறி இறங்கிய பின் எழுதப்படும் தமிழில் உள்ளது.

அத்தமிழ் எவ்வாறு அமைகின்றது? விடியற்காலை எழுந்தது, குளித்தது, பெற்றோரை வணங்கி விடைபெற்றது, பேருந்தில் பாட்டுப் பாடியது என்று கட்டுரையின் முற்பாதி கழிந்துவிடும். கடல் வந்ததும் சொற்கள் வரிசையாக வந்து நிற்கும். இயற்கை அன்னையின் எழிற்கோலம், கண்கொள்ளாக் காட்சி, வெள்ளித்தட்டை ஒத்த அலை, பட்டாம்பூச்சியாய்ச் சிறகடித்த உள்ளம். முடிவில் பயணம் பசுமரத்தாணி போல் மனத்தில் பதிந்தே தீரும். இத்தொடர்களுள் எதுவும் தவறானது அன்று. பாடத்திட்டம் மொழியணிகளைக் கற்பிக்கின்றது. மாணவன் கற்றதை ஆள்கின்றான். ஆயின் லங்காவிக்கு எழுதிய கட்டுரையில் ஊரின் பெயரை மாற்றிப் பங்கோர் என்றோ கேமரன் மலை என்றோ வைத்தாலும் ஒரு வாக்கியமும் இடறுவதில்லை. இடத்தை மாற்றினும் மாறாத கட்டுரை அவ்விடத்தைப் பற்றியதாக எவ்வாறு இருத்தல் இயலும்?

இவற்றுள் ஒரு விதிவிலக்கு உண்டு. 1987ஆம் ஆண்டு முதல் லங்காவி தீர்வையற்ற தீவாக விளங்குவதால், குவா நகரில் சாக்லேட் வாங்கிய செய்தி பல கட்டுரைகளில் இடம்பெறுகின்றது. கையில் எத்தனை வெள்ளி இருந்தது, தம்பிக்கு எது, பாட்டிக்கு எது, மிச்சம் எவ்வளவு என்பன அங்கே கணக்காக வரும். அப்பத்தியில் உவமையும் இல்லை, அணியும் இல்லை. கட்டுரையிலேயே உயிருள்ள பத்தி பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கின்றது. மாணவனுக்குக் காணத் தெரியும் என்பதற்கும், கடலைக் காண்பதற்கு அவனுக்கு வழி காட்டப்படவில்லை என்பதற்கும் அதுவே சான்று.

வழி தமிழில் இல்லையா? உண்டு. உலகில் வேறு எம்மொழியும் கடற்கரையைக் காண்பதற்குத் தமிழைப் போல இலக்கணம் வகுத்ததாகக் கூறுவது அரிது. தொல்காப்பியம் நெய்தலை நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளோடு நிறுத்தவில்லை. அந்நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில் ஆகிய கருப்பொருளையும், அங்கே மாந்தர் நெஞ்சில் நிகழும் உரிப்பொருளையும் சேர்த்தே திணை என்றது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். கடலுக்குச் சென்றவன் மீளும்வரை கரையில் நிற்பவளின் கலக்கம் அது. இன்றைய சுற்றுலாக் கட்டுரையில் முதற்பொருள் மட்டும் உள்ளது: நீலக்கடல், வெண்மணல், மாலைக் கதிரவன். கருப்பொருள் இல்லை. உரிப்பொருளின் இடத்தில் மகிழ்ச்சி என்னும் ஒற்றைச் சொல் ஒட்டவைக்கப்பட்டுள்ளது. திணை இலக்கணத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யும் மாணவனே அதே கிழமையில் திணையற்ற கட்டுரை எழுதுகின்றான்; இரண்டையும் கற்பிப்பவர் ஒரே ஆசிரியராகவும் இருக்கலாம். செய்யுள் வேறு, கட்டுரை வேறு எனப் பாடவேளைகள் பிரிந்து கிடப்பதன் விளைவு இது.

லங்காவிப் படகு தொடும் மூன்று இடங்களும் கருப்பொருளால் நிறைந்தவை. மரத்தை முதலில் நோக்கலாம். நற்றிணையில் ஒரு தலைவி, தன் தோழியரோடு மணலில் புதைத்து விளையாடிய விதை முளைத்து மரமாகி நிற்க, அதனை உடன்பிறந்தாளாக எண்ணி, அதன் நிழலில் தலைவனோடு நகையாடக் கூசுகின்றாள். அம்மரம் புன்னை. பள்ளி மேல்வகுப்பிலும் பயிற்சிக் கழகத்திலும் இப்பாடல் பலரும் அறிந்தது. அதே புன்னை மலாய் மக்களால் பெனாகா லாவுட் என்று வழங்கப்பட்டு, இந்நாட்டு மணற்கரைகளில் இயல்பாக வளர்ந்து நிற்கின்றது. சங்கப் புலவர் பாடிய அடம்பங்கொடியும் அவ்வாறே. ஊதாநிறப் பூவுடன் மணலில் படர்ந்து கிடக்கும் அதற்கு மலாய்ப் பெயர் குதிரையின் பாதம் எனப் பொருள்படும். தாழையும் உண்டு, கண்டல் மரமும் உண்டு. நெய்தற் பாட்டுக்கு உரை எழுதும் மாணவன் கடற்கரையில் அக்கொடியை மிதித்துச் செல்கின்றான். அவனது கட்டுரையில் அது பச்சைப்பசேல் என்ற செடிகொடிகளுள் ஒன்றாகிவிடுகின்றது. தமிழ்நாட்டுக் கரையைக் காணாத மலேசிய மாணவனுக்குச் சங்க இலக்கியம் தொலைநாட்டுப் பொருள் என்ற முறையீடு அடிக்கடி கேட்கின்றது. குறிஞ்சிப் பூவுக்கு அது பொருந்தலாம். நெய்தலுக்குப் பொருந்தாது.

பறவைக்கு வருவோம். சிங்கா பெசார் அருகே படகு நின்றதும் வானில் செம்பருந்துகள் கூடுகின்றன. தமிழர் கருடன் என்று கைகூப்பும் வெண்தலைப் பறவை அதுவே. லங்காவி என்னும் பெயரே மலாய்மொழியில் பருந்தைக் குறிக்கும் சொல்லும் செந்நிறத்தைக் குறிக்கும் சொல்லும் இணைந்து பிறந்தது எனக் கூறுவது வழக்கம். குவாத் துறைமுகத்தில் பருந்துக்குப் பெருஞ்சிலையும் உண்டு. பயணிகள் மகிழ்வதற்காகப் படகோட்டிகள் கோழித்தோலையும் குடலையும் நீரில் வீசுவதும், பறவைகள் பாய்ந்து கவ்வுவதும் நெடுங்காலம் நடந்துவந்த காட்சி. வேட்டையாடி உண்ணும் பறவையை இரந்துண்ணப் பழக்குவது இது என்றும், கோழித்தோல் அதற்கு ஏற்ற உணவன்று என்றும் இயற்கைப் பாதுகாவலர் கண்டித்துள்ளனர். நெய்தற் பாடல்களிலும் பறவையும் மீனும் மனிதரும் ஒருங்கே வருவர். ஆனால் ஆங்கே பரதவ மகளிர் காயவைத்த மீனைக் கவர வரும் பறவைகளை ஓட்டுகின்றனர். கவர வந்த பறவையை ஓட்டிய கரை ஒன்று. காசு கொடுத்தோர் காண்பதற்காகப் பறவையை அழைக்கும் கரை மற்றொன்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நான்கு வாக்கியம் எழுதினால் அது கட்டுரையாகும். பறவைகள் சிறகடித்துப் பறந்த காட்சி மனத்தைக் கொள்ளைகொண்டது என்று எழுதினால் பறவை எதுவென்பதுகூடத் தெரியாது.

டாயாங் புந்திங் ஏரியே இச்செலவின் நடுநாயகம். சுண்ணாம்புக் கல்லும் பளிங்குக் கல்லும் ஆன மலைகளுக்கிடையே நிலம் உள்வாங்கி நீர் நிறைந்து உண்டானது அது. கடலுக்கும் ஏரிக்கும் இடையில் ஒரு கற்சுவரே உள்ளது. ஒருபுறம் உப்பு, மறுபுறம் நன்னீர். லங்காவி 2007ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் புவிப்பூங்காக்களுள் ஒன்றாக ஏற்கப்பட்டபோது இத்தீவும் அதற்குரிய சிறப்பிடங்களுள் ஒன்றாயிற்று. படகுத்துறையிலிருந்து ஏரிக்குச் செல்லும் வழியில் குரங்குகள் பயணிகளின் பைகளைப் பறிக்கும். இச்செய்தி மட்டும் எல்லாக் கட்டுரைகளிலும் தவறாமல் இடம்பெறும். அதில் குற்றமில்லை, குரங்கும் கருப்பொருளே.

கூறாமல் விடப்படுவது ஏரியின் கதை. தீவின் பெயருக்குச் சூல்கொண்ட நங்கை என்று பொருள். மலைகளின் வடிவம் கருவுற்ற பெண் மல்லாந்து கிடப்பதை ஒத்தது என்பர். மாம்பாங் சாரி என்னும் தேவமகள் மாட் தேஜா என்னும் இளவரசனை மணந்து பெற்ற குழந்தை சில நாட்களிலேயே இறந்தது. பெற்றோர் அதனை இவ்வேரியில் இட்டனர். அதனால் மகப்பேறற்ற பெண்டிர் இந்நீரில் நீராடின் பிள்ளை பெறுவர் என்னும் நம்பிக்கை தோன்றியது. தன் பிள்ளையை இழந்த நீர் பிறர்க்குப் பிள்ளை தரும் என்னும் இக்கற்பனை எளியதன்று. இரங்கல் என்னும் உரிப்பொருள் தமிழ்க் கரையை விட்டு மலாய்க் கரைக்கு வந்து தானே நிற்பது போல் உள்ளது. தெய்வம் என்ற கருப்பொருளும் இங்கேயே கிடைத்துவிடுகின்றது. மாணவர்களோ அவ்வேரியில் மிதிபடகு ஓட்டியதை எழுதுகின்றனர்.

தமிழில் தீவின் நடுவே உள்ள நீர்நிலை ஒரு காப்பியத்தையே தாங்கி நிற்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். மணிமேகலையில் வரும் மணிபல்லவத் தீவும் அங்குள்ள கோமுகிப் பொய்கையும் இவை. தெய்வத்தால் எடுத்துச் செல்லப்பட்ட மணிமேகலை அத்தீவில் தனித்து விழிக்கின்றாள், பழம்பிறப்பை உணர்கின்றாள், கோமுகியிலிருந்து வெளிப்பட்ட அமுதசுரபியைப் பெறுகின்றாள். அப்பாத்திரம் அப்பொய்கைக்கு வந்த வரலாறு இன்னும் உருக்கமானது. சாவக நாட்டில் மழையின்றி மக்கள் பசித்திருப்பதாகக் கேள்வியுற்ற ஆபுத்திரன் அமுதசுரபியுடன் கலமேறுகின்றான். காற்று மிகவே கலம் மணிபல்லவத்தில் தங்குகின்றது. அவன் கரையிறங்குகின்றான். அவன் ஏறிவிட்டான் என்று கருதி இரவில் கலத்தைச் செலுத்திவிடுகின்றனர். உண்பார் எவருமில்லாத தீவில், எடுக்க எடுக்கக் குறையாத சோற்றுப் பாத்திரத்துடன் ஒருவன் நிற்கின்றான். தன் பசிக்கு மட்டும் அதைப் பயன்படுத்த மனமின்றிப் பாத்திரத்தைக் கோமுகியில் இட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர்விடுகின்றான்.

சாவகம் என்பது இத்தென்கிழக்குத் தீவுகளின் பக்கத்து நாடு. அதற்குச் சென்றவனைப் பற்றிய இக்காட்சியின் முழுத்துயரமும் ஒரு சிறு பிழையால் விளைந்தது: கலத்தில் தலைகளை எண்ணத் தவறியது. பெராஸ் பாசா கரையில் குறித்த நேரம் முடிந்ததும் படகோட்டி தன் பயணிகளை எண்ணுகின்றான். ஒருவர் குறைந்தால் படகு நகராது. அறிமுகமற்ற பன்னிருவரின் முகங்களை அரைநாளைக்கு நினைவில் வைத்திருப்பது அவன் தொழிலின் ஒரு பகுதி. எங்கே பாறை மறைந்துள்ளது, ஓதம் வற்றும்போது எவ்வழி அடைபடும், வானம் கறுத்தால் எத்தீவின் மறைவில் ஒதுங்கலாம் என்பவை அவன் அறிவு. லங்காவி சுற்றுலாத்தலமாக வளர்வதற்கு முன் மீன்பிடியும் நெற்பயிருமே தீவின் வாழ்வாக இருந்தன. படகுத்தொழிலில் இருப்போருள் பலர் மீனவக் குடியினர். நூறு லங்காவிக் கட்டுரைகளை எடுத்து வைத்தாலும் அவன் பெயரைக் கேட்டெழுதிய கட்டுரை கிடைப்பது அரிது. “படகு புறப்பட்டது, படகு நின்றது, படகு கரையை அடைந்தது.” செலுத்துவோன் இல்லாமலே படகுகள் செல்லும் கடல் தமிழ்க் கட்டுரைக் கடல். தொழில் என்ற கருப்பொருள் இவ்வாறு மறைந்துபோவது இலக்கணக் குறை மட்டுமன்று. பால்மரம் சீவியவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை என்று வருந்தும் ஒரு சமுதாயத்தின் பிள்ளைகள், தமக்காக உழைத்த ஒருவனைத் தம் ஏட்டில் விட்டுவிடுகின்றனர்.

தற்காலத் தமிழ் உரைநடையில் இதற்கு மாறான சான்றுகள் உள. ‘உலகம் சுற்றும் தமிழன்’ எழுதிய ஏ.கே. செட்டியார் எளிய சிறு வாக்கியங்களில் பயணம் எழுதியவர். காட்சியை வருணிப்பதைவிடக் கண்ட மனிதரைக் கூறுவதில் அவருக்கு நாட்டம் மிகுதி. மெல்லிய நகைச்சுவை உண்டு, வியப்புக்குறி குறைவு. சுற்றுலாக் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர் கையில் முதலில் இருக்க வேண்டிய நடை இதுவே. 1972இல் வெளிவந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ வேறொரு வகையில் நெருக்கமானது. அதில் வரும் கடல் மலாக்கா நீரிணை. சுமத்திராவிலிருந்து பினாங்குக்கு வரும் தொங்கான் புயலில் சிக்கும் பகுதியில் வருணனைக்கென்று ஒதுக்கிய அணிச்சொல் இல்லை. நீரும் மரக்கலமும் அச்சமும் வாக்கியத்தின் ஓட்டத்திலேயே மோதுகின்றன. மேடானில் வாழ்ந்தவர் எழுதிய நூல் அது. லங்காவியின் கரையைத் தொடும் அதே நீரைத் தமிழில் இத்துணை வலிமையுடன் எழுதிய வேறொரு பக்கத்தைக் காட்டுதல் எளிதன்று. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வந்தது. தென்தமிழ்நாட்டுப் பரதவரின் பேச்சில் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எத்தனை பெயர்கள் உள்ளன என்பதை அதிற் காணலாம். இளவயதினர்க்கு முழுநூலும் ஏற்றதன்று. ஆசிரியர் பயில்வதற்கு ஏற்றது. காற்று வீசியது என்று மட்டும் எழுதிப் பழகிய மொழியில் கொண்டலும் வாடையும் கச்சானும் வெவ்வேறு திசையில் வெவ்வேறு செய்தி கொண்டுவருவதை உணர்ந்த ஆசிரியர், மாணவனிடம் காற்று எப்பக்கமிருந்து வந்தது என்றேனும் கேட்பார்.

மலேசியத் தமிழ் இலக்கியத்தில் கடல் ஏன் மெலிந்து நிற்கின்றது என்னும் வினா இங்கே எழுகின்றது. தோட்டமே அதன் நிலமாக அமைந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்நாட்டைப் பற்றி எழுதிய அகிலனும் தம் நாவலுக்குப் ‘பால்மரக் காட்டினிலே’ என்றே பெயரிட்டார். கடல் வரும் இடங்களில் அது இரண்டு தோற்றங்களிலேயே பெரிதும் வருகின்றது. ஒன்று பெருமிதம். கெடா என்றதும் கடாரம் என்றும், 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை வந்தது என்றும், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயிற் சிதைவுகள் என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. இவை மெய்ம்மையே, மாணவர் அறிந்திருக்க வேண்டியவையே. ஆயின் லங்காவிக் கட்டுரையில் இவை பழமொழியைப் போல ஒட்டப்படும்போது, கடலைக் காணாமலிருப்பதற்கு மற்றுமொரு வழியாகிவிடுகின்றன. ஓராயிரம் ஆண்டுக்கு முன் வந்த கப்பல்களைப் பாடுவோர் கண்முன் உள்ள படகின் இயந்திரப் பேரொலியைக் கேட்பதில்லை. இத்திணைக்கு இன்று பறை அதுவன்றோ?

மற்றொரு தோற்றம் மௌனம். தோட்டத் தமிழரின் முன்னோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி இந்நீரைக் கடந்தவர்கள். 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் 1973 வரை அவ்வழியில் ஓடியது, அதன்பின் எம்.வி. சிதம்பரம் ஓடி, 1985ஆம் ஆண்டுத் தீவிபத்தோடு அந்தச் சேவையும் முடிவுற்றது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து, வாந்தியும் உப்புக்காற்றுமாக நாட்களைக் கழித்து வந்தோர் இறங்கிய இடங்களுள் ஒன்று, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவு. நோய் பரவாமற் காக்கும் முகாம் அங்கு இருந்தது. தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்படும் முன் பலர் அங்கே தங்கவைக்கப்பட்டனர். அத்தலைமுறையினர் கண்ட முதல் மலாயா ஒரு தீவு; அங்கும் தலைகள் எண்ணப்பட்டன. அவர்தம் கொள்ளுப்பேரர்கள் உயிர்காப்புச் சட்டை அணிந்து, காசு கொடுத்து, களிப்பதற்காகத் தீவு தீவாகச் செல்லும் காலம் வந்துள்ளது. இதனினும் பெரிய செய்தி ஒரு தோட்டத்துக் குடும்பத்தின் லங்காவிக் கட்டுரைக்கு வேறு யாது வேண்டும்? பாட்டி படகில் ஏற மறுத்தாரா, ஏறினாரா, ஏறியபின் என்ன சொன்னார் என்று கேட்டெழுத ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தந்தால் போதும். அணி தேடி அலைய வேண்டுவதில்லை.

கடல் அச்சத்துக்கும் உரியது என்பதைக்கூட இக்கட்டுரைகள் மறந்துவிடுகின்றன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை லங்காவியையும் பினாங்கையும் கெடாவின் கோத்தா கோலமூடாக் கரையையும் தாக்கியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டமையால் இன்றைய மாணவர்க்கு அது பழங்கதை. ஆனால் படகோட்டியின் தலைமுறைக்கு அவ்வாறன்று.

எஞ்சியிருப்பது உணவு. பெராஸ் பாசா என்பதற்கு நனைந்த அரிசி என்று பொருள். கடலில் குளித்து மணலில் விளையாடுவதற்கென்றே செல்லும் தீவுக்கு அரிசியின் பெயர். முதன்மைத் தீவிலோ பாடாங் மாட்சிராட் என்னுமிடத்தில் எரிந்த அரிசி காட்டப்படுகின்றது. 1821ஆம் ஆண்டில் சயாமியர் படையெடுத்தபோது பகைவர்க்குக் கிடைக்கலாகாது என்று ஊரார் நெற்களஞ்சியத்தைத் தீயிட்டதன் நினைவு அது. மாசற்ற மசூரி பழிசுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டு, ஏழு தலைமுறைக்குத் தீவு செழிக்காது எனச் சபித்த கதையோடு மக்கள் அதனை இணைத்துக் கூறுவர். பழிக்கப்பட்ட பெண்ணின் சொல்லால் ஊர் எரிந்தது என்பது தமிழ் மாணவனுக்குப் புதிய செய்தியா? கண்ணகியைப் படித்தவன் மசூரியின் கல்லறை முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகின்றான். இருவரையும் ஒரு வாக்கியத்தில் சேர்த்து நிறுத்த அவனுக்கு எவரும் சொல்லவில்லை. ஒப்பிடும்போது வேறுபாட்டையும் காண வேண்டும். கண்ணகி அரசவையில் வழக்குரைக்கின்றாள். மசூரிக்கு அந்த வாய்ப்பே வழங்கப்படவில்லை. எரித்தவர்களும் வேறு. கண்ணகி மதுரையைத் தானே எரித்தாள். லங்காவியில் ஊரார் தம் நெல்லைத் தாமே எரித்தனர்.

இத்துணையும் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது மிகையென்று ஆசிரியர் கூறலாம். தேர்வுக்கு எழுதும் கட்டுரையில் மதிப்பெண் மொழியணிக்கே உண்டு என்றும் கூறலாம். தொடக்கப்பள்ளி இறுதியில் நடந்துவந்த யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அத்தேர்வுக்காகத் திரட்டப்பட்ட மாதிரிக் கட்டுரைகளும் அவற்றின் தொடர்களும் மட்டும் இன்னும் வகுப்பறையை விட்டு நீங்கவில்லை. பிள்ளையிடம் காப்பிய ஒப்பீட்டை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. அது ஆசிரியர் நெஞ்சில் இருந்தால் போதும். பிள்ளைக்கு வேண்டுவன சில வினாக்கள். படகில் உன் அருகில் அமர்ந்திருந்தவர் யார்? படகோட்டி எந்தக் கையால் இயந்திரத்தின் பிடியைப் பற்றியிருந்தார்? ஏரி நீரையும் கடல் நீரையும் நாவில் வைத்துப் பார்த்தாயா? மணலில் படர்ந்திருந்த கொடியின் பூ என்ன நிறம்? கோழித்தோல் வீசப்பட்டதா, வீசப்பட்டபோது யார் சிரித்தார், யார் முகம் சுளித்தார்? இவற்றைச் சுற்றுலாவுக்குப் புறப்படுமுன் பேருந்திலேயே கூறிவிட வேண்டும். திரும்பியபின் கேட்டால் மாணவன் விடைகளைக் கற்பனை செய்வான். அதில் அவன் வல்லவன்.

திருத்தும் முறையும் மாற வேண்டும். கண்கொள்ளாக் காட்சி என்று எழுதிய இடத்தில் சரியென்று குறியிடும் கை, கண் எதனைக் கொள்ளவில்லை என்று ஓரத்தில் வினா எழுதலாம். கிரியான் ஆற்றின் கலங்கல் நீரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளை, பெராஸ் பாசாவில் முழங்கால் ஆழத்தில் தன் பாதம் தெரிவதைக் கண்டு அஞ்சி விலகியதாக எழுதினால், அதில் உவமை இல்லையே என்று மதிப்பெண் குறைக்காதிருக்கும் துணிவு ஆசிரியர்க்கு வேண்டும். அவ்வாக்கியத்தை எழுதுபவன் பண்டார் பாருவிலிருந்து சென்றவனாகவே இருத்தல் இயலும்.